அந்தமானின் கரண்ட்டும் பிஸ்டனில் படியும் கரியும்: இன்ஜினைப் பிரித்து மாட்டும்போது என்ன கவனிக்கணும்?

2020 ஆகஸ்ட் 10-ம் தேதி, சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கடியில் போடப்பட்ட ஆப்டிகல் ஃபைபர் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. நீளம் சுமார் 2,300 கி.மீ. இன்றைக்கு நீங்கள் ஸ்வராஜ் தீவில் உட்கார்ந்துகொண்டு சென்னை ஆபீஸ் மீட்டிங்கில் சேரலாம். ஆனால் அந்த லேப்டாப்புக்கு சார்ஜ் ஏற்றும் கரண்ட்டுக்கு இப்படி ஒரு கேபிள் கிடையாது. தேசிய மின்தொகுப்பு அந்தமானை எட்டவில்லை. தீவுக்குத் தீவு தனித்தனியாக மின்சாரம் தயாரித்தாக வேண்டும். அதில் பெரும்பங்கு இன்னமும் டீசல் இன்ஜின்களிலிருந்துதான் வருது.

அதனால் மற்ற ஊர்களில் மெக்கானிக் ஷெட்டோடு முடிந்துவிடும் ஒரு பிரச்னை, இங்கே பொதுப் பிரச்னை ஆகிறது. அதுதான் பிஸ்டனில் படியும் கரி. இது ஏன் படிகிறது, இன்ஜினை முழுசாகப் பிரித்து ரீபில்ட் செய்யும்போது திரும்பப் படியாமல் எப்படித் தடுப்பது, உங்கள் அபார்ட்மென்ட் ஜென்செட்டுக்கும் காருக்கும் இதில் என்ன பாடம்? பார்க்கலாம்.

அந்தமான் எந்த அளவுக்கு டீசலை நம்பியிருக்கு?

2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரின் மக்கள்தொகை 3,80,581. தலைநகர் ஸ்ரீ விஜயபுரம். 2024 செப்டம்பர் வரை அதன் பெயர் போர்ட் பிளேர். அங்கே சாத்தம், ஃபீனிக்ஸ் பே போன்ற இடங்களில் டீசல் மின்நிலையங்கள் இருக்கின்றன. எதிர்க்கரையில் பாம்பூஃபிளாட்டில் 20 மெகாவாட் டீசல் நிலையம் 2003-ல் வந்தது. டீசல் இல்லாத பெரிய ஏற்பாடுகள் சிலதான். வடக்கு அந்தமானில் டிக்லிபூர் பக்கம் கல்போங் நீர்மின் நிலையம், 5.25 மெகாவாட். தெற்கு அந்தமானில் காராசர்மாவில் என்டிபிசி-யின் 5 மெகாவாட் சோலார். 2020-ல் என்எல்சி அமைத்த 20 மெகாவாட் சோலாரும் அதோடு சேர்ந்த 8 மெகாவாட்-ஹவர் பேட்டரியும். சின்னத் தீவுகளுக்கு அவரவர் ஜெனரேட்டர்தான்.

மின்சாரத்தோடு நிற்கவில்லை. தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல், ஃபெர்ரி, மீன்பிடி டிங்கி, ஹோட்டல்களின் பேக்கப் ஜென்செட், ஐஸ் ஃபேக்டரி என்று எல்லாவற்றிலும் பிஸ்டன்தான் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருக்கு. 1964-ம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர்களுக்குத் தலைநகரம் என்பதே கடல் தாண்டிய ஊர். நடுவில் சுமார் 150 கி.மீ. அகலமுள்ள டென் டிகிரி சேனல் இருக்கு.

சென்னையில் ஒரு இன்ஜின் படுத்தால், சாயங்காலத்துக்குள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ரிங் செட் வாங்கிவிடலாம். தீவில் ஸ்டாக் இல்லாத உதிரிபாகம் சுமார் 1,200 கி.மீ. தாண்டி வரணும். கப்பல் என்றால் ஏறக்குறைய மூன்று நாள், அதுவும் கப்பல் கிளம்பும் நாளைப் பொறுத்து. ஆகவே தீவில் "திரும்ப ஒரு தடவை பிரிச்சுப் பார்த்துக்கலாம்" என்கிற பேச்சுக்கே இடமில்லை. முதல் தடவையே சரியாக மாட்டணும்.

கரி எங்கிருந்து வருது?

டீசல் இன்ஜினில் தீப்பொறி வைக்க ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் இன்ஜெக்டர் டீசலைப் பனிபோலத் தெளிக்க, அது தானாகவே பற்றிக்கொள்கிறது. நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் ஒரு ஜென்செட்டில் இது ஒவ்வொரு சிலிண்டரிலும் மணிக்கு 45,000 தடவை நடக்குது. ஒவ்வொரு தடவையும் எரிந்து முடிக்கக் கிடைக்கும் நேரம் சில மில்லி செகண்டுகள்தான்.

இதில் ஏதாவது ஒன்று பிசகினாலும் டீசல் முழுசாக எரியாது. காற்று போதவில்லை, தெளிப்பு சரியில்லை, சூடு போதவில்லை, டைமிங் தவறியிருக்கு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். எரியாத மிச்சம் புகைக்கரியாகி பிஸ்டன் தலையில் ஒட்டிக்கொள்ளும். அடுப்பில் காற்று அடைத்தால் பாத்திரத்தின் அடி கருக்கிற மாதிரி.

இரண்டாவது வழி இன்ஜின் ஆயில். ரிங் தேய்ந்திருந்தாலோ, வால்வ் கைடும் சீலும் தளர்ந்திருந்தாலோ, டர்போவின் சீல் கசிந்தாலோ ஆயில் எரியும் அறைக்குள் போகும். அங்கே அது வெந்து கெட்டியாகும். டீசல் கரி பெரும்பாலும் மிருதுவாக இருக்கும். ஆயில் கரி கல் மாதிரி. அது போய் உட்காரும் இடமும் மோசமானது: பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளம்.

கொஞ்சம் கரி இருந்தால் என்ன ஆகிடும்?

பிஸ்டன் தலையில் மெல்லிய படலம் இருப்பது சகஜம். அதற்காக யாரும் இன்ஜினை இறக்க வேண்டாம். பிரச்னை மூன்று இடங்களில் ஆரம்பிக்கிறது.

முதலாவது, ரிங் பள்ளம். ரிங் என்பது ஸ்பிரிங் மாதிரி விரிந்து சிலிண்டர் சுவரை அழுத்திக்கொண்டே இருக்கணும். பள்ளத்தில் கரி இறுகினால் ரிங் அசையாது. மெக்கானிக்குகள் இதை 'ரிங் ஜாம்' என்பார்கள். அப்போது எரிவாயு கீழே ஆயில் சம்புக்குள் கசியும், ஆயில் மேலே ஏறும். ஏறிய ஆயில் எரிந்து இன்னும் கரி ஆகும். கரி கரியை வளர்க்கும் இந்தச் சுழற்சி ஒரு தடவை தொடங்கினால் தானாக நிற்காது.

இரண்டாவது, முதல் ரிங்குக்கு மேலே உள்ள பிஸ்டன் ஓரம். அங்கே இறுகிய கரி, பிஸ்டன் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் லைனரை உரசும். லைனர் சுவரில் ஆயிலைப் பிடித்துவைக்க மெல்லிய குறுக்குக் கோடுகள் இருக்கும். அவை அழிந்து சுவர் கண்ணாடிபோல வழவழப்பாகிவிடும். பிறகு ஆயில் செலவு கிடுகிடுவென ஏறும். பெரிய மின்நிலைய, கப்பல் இன்ஜின்கள் பலவற்றில் இதற்காகவே லைனரின் மேல் விளிம்பில் தனியாக ஒரு வளையம் வைக்கிறார்கள். பிஸ்டன் மேலே வரும்போதெல்லாம் அந்த ஓரத்துக் கரியை அது சுரண்டிவிடும்.

மூன்றாவது, பெட்ரோல் இன்ஜின்களில் வரும் தொல்லை. தணல்போலச் சிவக்கும் கரித்துண்டு, ஸ்பார்க் வருவதற்கு முன்னாலேயே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். நீங்கள் கேட்கும் 'டக் டக்' சத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தமானின் தனிச்சிக்கல்: குறைந்த லோடு

இன்ஜின் அதிக வேலை செய்தால்தான் கெட்டுப்போகும் என்று நினைப்போம். டீசல் ஜென்செட் விஷயத்தில் பல நேரம் கதை தலைகீழ். 100 கிலோவாட் செட்டில் ராத்திரி முழுக்க 12 கிலோவாட் மட்டும் ஓடினால், சிலிண்டர் போதுமான அளவு சூடாகாது. ரிங்கை வெளியே தள்ளுவதற்கு வேண்டிய வாயு அழுத்தமும் குறைவு. டீசல் அரைகுறையாக எரியும், ஆயில் மேலே ஏறும். சைலன்சர் மூட்டுகளில் கருப்பாக, பிசுபிசுப்பாக ஒழுகும். இதற்குப் பெயர் 'வெட் ஸ்டாக்கிங்'.

சின்னத் தீவில் பகலுக்கும் ராத்திரிக்கும், சீசனுக்கும் ஆஃப் சீசனுக்கும் மின்தேவை ஏகத்துக்கு மாறும். பீக் நேரத்துக்குக் கணக்குப் போட்டு பெரிய செட்டாக வைத்தால், மிச்ச நேரமெல்லாம் அது கரி சேர்க்கும். ஒரு பெரிய செட்டுக்குப் பதில் அளவு மாறுபட்ட இரண்டு மூன்று செட்டுகளை வைத்து, தேவைக்கேற்ப ஓட்டுவது இதனால்தான் நல்லது.

சோலார் வந்தால் இது தீருமா? பாதி தீரும், பாதி கூடும். வெயில் அடிக்கும்போது டீசல் செட்டின் லோடு குறையும். ஆனால் மேகம் வந்தால் உடனே கைகொடுக்க அதை அணைக்காமல் குறைந்த லோடில் ஓடவிடணும். கரிக்கு அதுதான் பிடித்த நிலைமை. அந்த இடைவெளியைச் சில நிமிடங்களுக்குத் தாங்க பேட்டரி இருந்தால், டீசல் செட்டை நிம்மதியாக அணைத்துவிடலாம். சோலாரோடு பேட்டரியும் சேர்வதில் இப்படி ஒரு லாபமும் இருக்கு. வெளியில் இருந்து பார்ப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ரீபில்ட்: பிரித்தவுடன் துடைக்காதீங்க

இப்போது ஷெட்டுக்குள் போவோம். இன்ஜினைப் பிரித்ததும் எல்லாரும் செய்யும் முதல் வேலை, பிஸ்டனை டீசலில் போட்டுக் கழுவுவது. அதற்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தக் கரிதான் இன்ஜினின் மெடிக்கல் ரிப்போர்ட். சிலிண்டர் நம்பர் போட்டு, ஒவ்வொரு பிஸ்டனையும் போட்டோ எடுங்கள்.

• காய்ந்த, மிருதுவான கரி தலை முழுக்கப் பரவியிருந்தால் சந்தேகம் எரிபொருள், காற்று, லோடு பக்கம் போகணும்.

• ஓரத்திலும் ரிங் பள்ளத்திலும் பளபளப்பாக, கெட்டியாக இருந்தால் ஆயில் ஏறியிருக்கிறது.

• சாம்பல் நிறத்தில் வெளுத்த படிவு இருந்தால், அது பெரும்பாலும் ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம் போன்ற பொருட்களின் சாம்பல். அதுவும் ஆயில் எரிந்ததற்கான அடையாளம்தான்.

• ஒரே ஒரு பிஸ்டன் மட்டும் மோசம் என்றால், அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர், வால்வ், ரிங்கைப் பாருங்கள். எல்லாமே ஒரே மாதிரி என்றால் ஏர் ஃபில்டர், டர்போ, ஆயில் கிரேடு, லோடு, டைமிங் என்று பொதுவான காரணத்தைத் தேடணும்.

காரணம் தெரியாமல் புது ரிங் போட்டால், இன்ஜின் பழைய கரியைப் புதுசாகச் சேர்க்கும். ரீபில்டுக்கு ஆன செலவு முழுக்க வீண்.

சுத்தம் செய்யும்போது நடக்கும் தப்புகள்

பல பிஸ்டன்கள் அலுமினியக் கலவை. காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்தால் கரியோடு சேர்த்து அலுமினியத்தையும் அது அரிக்கும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். இரும்பு பாகங்களுக்குப் போடும் அதே தொட்டியில் பிஸ்டனைப் போடவே கூடாது. அலுமினியத்துக்கு ஏற்ற கார்பன் ரிமூவரில் ஊறவைத்து, மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் எடுப்பதே பாதுகாப்பு.

உடைந்த பழைய ரிங்கை வைத்துப் பள்ளத்தைச் சுரண்டுவது நம் ஊர் ஷெட்களில் வழக்கம். பொறுமையாகச் செய்தால் கரி வரும். அவசரப்பட்டால் உலோகமும் வரும், பள்ளம் அகலமாகிவிடும். அகலமான பள்ளத்தில் புது ரிங் ஆட்டம் போடும், ஆயிலை மேலே பம்ப் பண்ணும். சுத்தம் செய்த பிறகு ஃபீலர் கேஜ் விட்டு ரிங்குக்கும் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேனுவலில் உள்ள எல்லையைத் தாண்டினால் பிஸ்டனையே மாற்றணும்.

ஆயில் ரிங்குக்குப் பின்னால் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். சுவரிலிருந்து வழித்த ஆயில் கீழே இறங்கும் வழி அதுதான். அது அடைத்திருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த ரிங் போட்டாலும் ஆயில் மேலேதான் போகும். அதேபோல, பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஜெட் இருந்தால் அதையும் பாருங்கள். ஜெட் அடைத்தால் பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடாகி, பள்ளத்திலேயே ஆயில் வெந்துவிடும்.

கண்ணாடி மணி பிளாஸ்டிங், உரசும் டிஸ்க் எல்லாம் பார்க்கப் பளிச்சென்று ஆக்கும். ஆனால் பள்ளத்தில் தங்கும் ஒரு மணியோ, ஆயிலில் கலக்கும் அலுமினியம் ஆக்சைடு தூளோ புது பேரிங்கைத் தின்றுவிடும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டிய ஆறு விஷயம்

1. போர் அளவு. லைனரை மேலே, நடுவில், கீழே என்று குறுக்கும் நெடுக்குமாக அளக்கணும். முட்டை வடிவமாகவோ மேலே அகலமாகவோ தேய்ந்திருந்தால், புது ரிங் முழுசாகச் சுவரைத் தொடாது.

2. ஹோனிங். வழவழத்த சுவரில் குறுக்குக் கோடுகளைத் திரும்பப் போடணும். அதன் பிறகு வெந்நீரும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை வராத வரை கழுவணும். டீசலில் கழுவினால் மட்டும் அந்த உரசும் தூள் முழுசாகப் போகாது. கழுவிய உடனே ஆயில் தடவுங்கள். வருஷத்துக்குச் சுமார் 3,000 மி.மீ. மழையும் உப்புக்காற்றும் உள்ள அந்தமானில், ஈரமான லைனர் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

3. ரிங் இடைவெளி. ரிங்கை லைனருக்குள் நேராக வைத்து, அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்கணும். 100 மி.மீ. போருக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. என்பது பொதுவான கணக்கு, இறுதிச் சொல் மேனுவலுடையது. குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி லைனரைக் கீறும். அதிகமாக இருந்தால் வாயு கசியும்.

4. ரிங்கின் திசை. மேல்பக்கம் என்று குறியிட்ட பக்கம் மேலேதான் இருக்கணும். தலைகீழாகப் போட்ட இரண்டாவது ரிங், ஆயிலைக் கீழே வழிப்பதற்குப் பதில் மேலே ஏற்றும். ரிங் முனைகள் ஒரே நேர்கோட்டில் வராமல் சுற்றிப் பிரித்து வைக்கணும்.

5. இன்ஜெக்டரும் பம்பும். பிஸ்டன் கரிக்காக ரீபில்ட் செய்துவிட்டு, பழைய நாசிலை அப்படியே மாட்டுவது பெரிய தப்பு. டெஸ்ட் பெஞ்சில் திறக்கும் அழுத்தம், தெளிப்பு வடிவம், சொட்டு இருக்கா என்று பார்க்கணும். பனிபோல வராமல் கோடாகப் பீய்ச்சும் நாசில், டீசலை நேராகப் பிஸ்டன் தலைமேல் ஊற்றும். நாசிலின் அடியில் பழைய வாஷர் மேலேயே புது வாஷரைப் போட்டால் நாசில் உயரம் மாறிவிடும், தெளிப்பு தப்பான இடத்தில் விழும். மாட்டி முடித்ததும் டைமிங்கைச் சரிபார்க்கணும்.

6. காற்றும் வால்வும். ஏர் ஃபில்டர், டர்போவின் ஆயில் கசிவு, ஹோஸ் பைப் விரிசல், வால்வ் கைடு, ஸ்டெம் சீல். இந்த லிஸ்ட்டில் ஒன்றை விட்டாலும் கரி திரும்ப வரும்.

ஸ்டார்ட் பண்ணின பிறகு முதல் சில மணி நேரம்

புது ரிங்கும் புதுசாக ஹோன் செய்த சுவரும் ஒன்றுக்கொன்று பழகணும். அதற்கு அழுத்தம் வேண்டும். "புது வேலை, பாவம், மெதுவா ஓடட்டும்" என்று மணிக்கணக்கில் ஐடிலில் விடுவதுதான் இங்கே நடக்கும் அன்பான கொலை. லோடு இல்லாமல் ஓடினால் ரிங் உட்காராது, சுவரில் ஆயில் மினுமினுப்பான படலமாக வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த இன்ஜின் ஆயுசுக்கும் ஆயில் சாப்பிடும், திரும்பப் பிரித்து ஹோன் செய்தால் ஒழிய.

ஸ்டார்ட் செய்து ஆயில் அழுத்தம், கசிவு பார்த்து, சூடானதும் படிப்படியாக லோடு ஏற்றணும். தயாரிப்பாளர் வேறு மாதிரி சொல்லாத வரை, பாதி முதல் முக்கால் லோடு வரை மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது. முதல் ஆயிலையும் ஃபில்டரையும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள்.

டீசலும் ஆயிலும்

பிஎஸ்-6 தரம் 2020 ஏப்ரல் 1 முதல் வந்தபோது, டீசலில் கந்தக அளவு 50-லிருந்து 10 பிபிஎம் ஆகக் குறைந்தது. அமில அரிப்புக்கு அது நல்ல செய்தி. ஆனால் எவ்வளவு சுத்தமான டீசலையும் தண்ணீர் கெடுத்துவிடும். டிரம்மில் டீசல் வைத்து ஓட்டும் தீவுகளிலும் படகுகளிலும், ஈரக்காற்று குளிர்ந்து டிரம்முக்குள் நீர் சேரும். அது நாசிலைத் துருப்பிடிக்க வைக்கும், தெளிப்பு கெடும், கரி வரும். வாட்டர் செப்பரேட்டரைத் தினமும் திறந்து வடியவிடுவது இரண்டு நிமிட வேலை.

ஆயிலைப் பொறுத்தவரை, கரியைக் கழுவி மிதக்க வைக்கும் பொருட்கள் அதில் கலந்திருக்கும். அவற்றுக்கு ஆயுள் உண்டு. மாற்றும் தேதியைத் தள்ளிப்போட்டால், மிதந்துகொண்டிருந்த கரி படிய ஆரம்பிக்கும். ஆயில் கருப்பாவது அது வேலை செய்கிறது என்பதன் அடையாளம். கருப்பாகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம், மணிக்கணக்கைப் பாருங்கள்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கு?

சென்னையிலோ பெங்களூரிலோ அபார்ட்மென்ட்டில் இருக்கீங்களா? வாரா வாரம் ஜென்செட்டை லோடே இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டி 'டெஸ்ட் ஓகே' என்று நோட்டில் எழுதுகிறார்களா என்று கேளுங்கள். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 110 தரநிலை, அவசரகால டீசல் செட்டுகளை மாதம் ஒரு தடவை குறைந்தது 30 நிமிடம் ஓட்டச் சொல்கிறது. அதுவும் சும்மா அல்ல. செட்டின் திறனில் 30 சதவீதமாவது லோடு இருக்கணும், இல்லையென்றால் புகைபோக்கிச் சூடு தயாரிப்பாளர் சொன்ன அளவை எட்டணும். அசோசியேஷன் மீட்டிங்கில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "டெஸ்ட் பண்ணும்போது லிஃப்ட், மோட்டார் எல்லாம் அதுல ஓடுச்சா?"

டீசல் கார் வைத்திருந்தால், தினமும் மூன்று கி.மீ. ஆபீஸ் போய் வருவது மட்டும் போதாது. வாரத்தில் ஒரு நாளாவது இன்ஜின் நன்றாகச் சூடாகும்படி ஹைவேயில் ஓட்டுங்கள். பிஎஸ்-6 கார்களின் புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளவும் இது உதவும்.

'கார்பன் கிளீனிங்' சர்வீஸ் பண்ணலாமா என்று பலர் கேட்பார்கள். மிருதுவான படிவை அது கொஞ்சம் தளர்த்தலாம். ரிங் பள்ளத்தில் கல்லாக இறுகியதையோ, தேய்ந்த ரிங்கையோ, சொட்டும் நாசிலையோ எந்தத் திரவமும் வாயுவும் சரிசெய்யாது. அதற்குப் பணம் கட்டும் முன் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

மெக்கானிக்கிடம் இன்ஜினை ஒப்படைக்கும்போது நான்கு கேள்வி போதும். கரி வந்ததற்குக் காரணம் என்ன? நாசில், பம்ப் பெஞ்சில் ஏற்றிப் பார்த்தாச்சா? போரும் ரிங் இடைவெளியும் அளந்த எண்களைக் காட்ட முடியுமா? எத்தனை லோடில் ரன்-இன் பண்ணப் போறீங்க? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். எண்களை எழுதியே வைத்திருப்பார்.